564 புள்ளிகளும் எடுக்கப்படாத ஒரு டைம்-அவுட்டும்

2025 ஜனவரியில் சிகாகோவில் யாரிடம் அமெரிக்க ஃபுட்பால் பேசினாலும் பேச்சு ஒரே பெயரில் வந்து நின்றது: பென் ஜான்சன். டெட்ராய்ட் லயன்ஸின் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அதாவது புள்ளி எடுக்கும் பக்கமான அஃபென்ஸுக்குப் பொறுப்பான கோச், 38 வயது. அந்த சீசனில் லயன்ஸ் 17 ஆட்டங்களில் 564 புள்ளிகள் எடுத்திருந்தது, லீக்கிலேயே அதிகம். எங்கள் ஊர் அணியான பேர்ஸ் 5-12, அதாவது ஐந்து வெற்றி, பன்னிரண்டு தோல்வி. ஹெட் கோச் (தலைமைப் பயிற்சியாளர்) நாற்காலி காலியாக இருந்தது. "564 எடுத்த ஆளைக் கூட்டிட்டு வாங்க, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்பதுதான் அலுவலகத்திலும் நண்பர்கள் வீட்டிலும் நான் கேட்ட ஒரே தீர்ப்பு. எனக்கும் ஜான்சனைப் பிடிக்கும். அவர் வடிவமைத்த ஆட்டத்தை மூன்று சீசன் எதிரணி ரசிகனாக உட்கார்ந்து வயிறெரியப் பார்த்தவன் நான். ஆனாலும் அந்த வாதம் என் மனதில் ஒட்டவே இல்லை. 564 புள்ளிகள், ஒருவர் ஒரு வேலையை எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதற்குச் சான்று. நாம் அவரை அழைப்பதோ வேறொரு வேலைக்கு. அந்த வேலைக்கான சான்று எங்கே இருக்கிறது, அதை எப்படித் தேடுவது? அப்போது பிடித்துக்கொண்ட இந்தக் கேள்வி, ஜான்சன் இங்கே வந்து ஒரு சீசன் முழுவதும் முடிந்த பிறகும் என்னை விடவில்லை.

பேர்ஸுக்கு மட்டுமான கேள்வியும் இல்லை இது. 2017 ஜனவரியில் ராம்ஸ் அணி ஷான் மெக்வேயை ஹெட் கோச்சாக அமர்த்தியபோது அவருக்கு வயது 30. இந்த ஆட்டத்தின் லீக்கான என்.எஃப்.எல்.இன் நவீன வரலாற்றில் அவ்வளவு இளையவர் யாரும் அந்தப் பொறுப்புக்கு வந்ததில்லை. முந்தைய ஆண்டு 4-12 என்று முடித்து, மொத்தமே 224 புள்ளிகள் எடுத்து லீக்கின் அடியில் கிடந்த அணி, அவர் வந்த முதல் வருடமே 478 புள்ளிகளோடு முதலிடத்துக்கு ஏறியது. அதற்கப்புறம் ஜனவரி வந்தாலே அணி முதலாளிகளுக்கு 'அடுத்த மெக்வே' ஜுரம்தான். 2019இல் அரிசோனா கிளிஃப் கிங்ஸ்பரியை எடுத்தது. சின்சினாட்டி, மெக்வேயிடம் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி அஃபென்ஸை நடத்துபவர்) கோச்சாக இருந்த ஸாக் டெய்லரை எடுத்தது. கிரீன் பே, அவரிடம் ஒரு வருடம் கோஆர்டினேட்டராக இருந்த மாட் லஃப்ளூரை எடுத்தது. இவர்களில் சிலர் நன்றாகவே வந்தார்கள், கிங்ஸ்பரி நான்கு வருடத்தில் வேலை இழந்தார். வயதையும் பிளே (முன்கூட்டியே வகுத்த நகர்வு) புத்தகத்தையும் பார்த்து எடுத்தால் முடிவு இப்படிக் கலந்துகட்டித்தான் வரும் என்பது என் எண்ணம். மெக்வேயை மெக்வேயாக்கியது அந்த இரண்டும் அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

யாருடைய புள்ளிகள்?

முதலில் அந்த 564ஐயே பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று காக்கும் லயன்ஸின் அஃபென்சிவ் லைன் ஜான்சன் கட்டியது அல்ல. டெய்லர் டெக்கர் 2016 டிராஃப்டிலும் (அணிகள் புதுமுகங்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஃபிராங்க் ராக்னோ 2018 டிராஃப்டிலும் வந்தவர்கள். ஜான்சன் அந்த ஊருக்கு வந்ததே 2019இல். பெனெய் சூவெல் 2021இல் முதல் சுற்றில் வந்தார். இந்த மூவரும் முன்னால் நிற்க, பின்னால் ஜாமிர் கிப்ஸும் டேவிட் மான்ட்கோமரியும் ஓட, அமோன்-ரா செயின்ட் பிரவுனும் சாம் லபோர்ட்டாவும் பந்து பிடிக்க, யார்தான் புள்ளி எடுக்க மாட்டார்கள் என்று பேக்கர்ஸ் ரசிகரான அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு பேர்ஸ் நல்ல கோச்சை எடுத்துவிடக் கூடாது என்ற ஆசை இருந்தது. இருந்தாலும் கேள்வி நியாயமானது. அப்புறம் டான் கேம்பல் இருக்கிறார். பத்து கஜம் நகரக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசியான நாலாவது டவுனில் பந்தை உதைத்துக் கொடுத்துவிடாமல் துணிந்து ஆடுவது ஹெட் கோச்சான அவருடைய முடிவு. மூன்று முயற்சிக்குப் பதில் நான்கு முயற்சி கிடைக்கும் என்று முன்பே தெரிந்தால், மூன்றாவது டவுனில் எந்த பிளேயை அழைக்கலாம் என்பதே மாறிவிடும். ஏழு கஜம் வேண்டிய இடத்தில் நான்கு கஜத்துக்கு ஓடலாம், மீதி மூன்றை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். ஜான்சனுக்கு அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தவர் கேம்பல். அது தவறிப்போன நாளில் ஏச்சு வாங்கியவரும் கேம்பல்தான். 2024 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் 24-7 என்று முன்னிலையில் இருந்து 34-31 என்று தோற்ற அந்த என்.எஃப்.சி. (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதி ஆட்டத்தில், இரண்டாம் பாதியில் இரண்டு நாலாவது டவுன்கள் தவறின. மறுநாள் ஊரே திட்டியது ஹெட் கோச்சை. கோஆர்டினேட்டர் அன்றைக்கும் அடுத்த வேலைக்கான பட்டியலில் முதலிடத்தில்தான் இருந்தார்.

ஆனால் இந்த வாதத்தை முழுக்க நீட்டவும் முடியாது. 2021இல் லயன்ஸ் 3-13-1 (கடைசி ஒன்று சமன்), எடுத்தது 325 புள்ளிகள். அப்போதைய கோஆர்டினேட்டர் ஆந்தனி லின். சீசன் நடுவில் கேம்பல் பிளே அழைக்கும் பொறுப்பை அவரிடமிருந்து தன் கைக்கு எடுத்துக்கொண்டு, டைட் எண்ட் (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) கோச்சாக இருந்த ஜான்சனுக்குப் பாஸிங் ஆட்டத்தில் கூடுதல் இடம் கொடுத்தார். அடுத்த வருடம் ஜான்சன் கோஆர்டினேட்டர். அதே ஹெட் கோச், பெரும்பாலும் அதே லைன், அதே ஜாரெட் காஃப். காஃப் யார்? மேத்யூ ஸ்டாஃபர்ட் வேண்டும் என்பதற்காக ராம்ஸ் அணி இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளைச் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிட்ட குவார்ட்டர்பேக். அந்தக் காஃபை வைத்துக்கொண்டு 2022இல் லயன்ஸ் 453 புள்ளிகள் எடுத்தது. 1-6 என்று தொடங்கி 9-8 என்று முடித்தது. இரண்டு வருடங்களுக்கு நடுவே ஏறக்குறைய ஒரே ஒரு பெரிய மாற்றம் என்று சொல்லக்கூடிய சூழல் ஃபுட்பாலில் அபூர்வம். இங்கே அது வாய்த்தது. பிளே அழைப்பவர் என்ற வகையில் ஜான்சனை நான் அதற்கப்புறம் சந்தேகிக்கவில்லை.

இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது, அது புள்ளிவிவரத்தில் வராது. 2024 டிசம்பர் 22, பேர்ஸின் மைதானமான சோல்ஜர் ஃபீல்டு. காஃப் ஸ்னாப் (பிளே தொடங்கப் பின்னால் தரப்படும் பந்து) வாங்கிப் பின்னால் போகும்போது தடுமாறி விழப்போவதுபோல் நடித்தார். கிப்ஸ் நிஜமாகவே தரையில் விழுந்து கிடந்தார். பந்து நழுவிவிட்டது என்று எங்கள் டிஃபென்ஸ் ஒரு கணம் அதை நோக்கித் திரும்ப, லபோர்ட்டா தனியாக ஓடிப் போய் டச்டவுன் பிடித்தார். மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் வாயடைத்துப் போனோம். எல்லாரும் அதன் புத்திசாலித்தனத்தைப் பேசினார்கள். என்னை யோசிக்க வைத்தது வேறு. 120 கிலோவுக்கு மேல் எடையுள்ள லைன்மேன்களும், எட்டு வருட அனுபவமுள்ள குவார்ட்டர்பேக்கும், வாரக்கணக்கில் நின்று விழுந்து விழுந்து அதைப் பயிற்சி செய்ய வேண்டும். ஒரு கோச் சொல்வதில் நம்பிக்கை இல்லாத ஆட்டக்காரர்கள் இப்படி ஒரு நாடகத்தை அரைமனதோடுதான் ஆடுவார்கள், பார்ப்பவனுக்கு உடனே தெரிந்துவிடும். அன்றைக்கு ஒருவர்கூட அரைமனதோடு ஆடவில்லை. அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரின் பேச்சு எடுபடுகிறது என்று அர்த்தம். ஹெட் கோச் வேலைக்கான சான்று என்று நான் முதலில் குறித்துக்கொண்டது இதைத்தான்.

நேகி காலத்துத் தழும்பு

பேர்ஸ் ரசிகர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. நாங்கள் இந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள். 2018இல் மாட் நேகி வந்தார். கன்சாஸ் சிட்டியில் ஆண்டி ரீடிடம் கோஆர்டினேட்டர், வயது 39, கையில் வண்ண வண்ணமாக ஒரு பிளே அட்டை. முதல் வருடம் 12-4, ஆண்டின் சிறந்த கோச் விருது. அதற்கப்புறம் அஃபென்ஸ் மெல்லத் தேய்ந்தது. 2020 நவம்பரில் பிளே அழைக்கும் பொறுப்பைத் தன் கோஆர்டினேட்டர் பில் லேஸரிடம் கொடுத்தார். 2021 தொடக்கத்தில் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த செப்டம்பர் 26இல் கிளீவ்லாந்தில் புதுமுக குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸுக்கு முதல் ஸ்டார்ட். ஒன்பது முறை சாக், அதாவது பந்தை வீசும் முன்பே வீழ்த்தப்பட்டார். மொத்த ஆட்டத்திலும் பேர்ஸ் நகர்ந்தது 47 கஜம். சாக்கில் இழந்ததைக் கழித்தால் பாஸிங்கில் மிஞ்சியது ஒரே ஒரு கஜம். அடுத்த வாரம் பொறுப்பு மறுபடி லேஸரிடம் போனது.

இதைப் பல வருடம் "நேகியின் பிளேக்கள் மோசம்" என்றே பேசி வந்தோம். லயன்ஸில் 2021இல் நடந்ததோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு வேறொன்று புலப்பட்டது. லின் சறுக்கியபோது, மேலே ஒருவர் இருந்தார். பார்த்தார், பொறுப்பை எடுத்தார், ஒரு டைட் எண்ட் கோச்சைத் தூக்கிவிட்டார். நேகி சறுக்கியபோது மேலே யாரும் இல்லை. பிளே அழைப்பவரைக் கண்காணிக்க வேண்டிய ஹெட் கோச்சும் அவரே. தன் கையிலிருந்து தானே பிடுங்கி, தானே திருப்பிக் கொடுத்து, மறுபடி பிடுங்கி என்று இரண்டு சீசன் போனது. கோஆர்டினேட்டரை ஹெட் கோச் ஆக்கும்போது ஒரு நாற்காலி நிரம்புகிறது, சரி. அவருக்கு மேலே இருந்து பார்க்கிற கண் அந்த நிமிடமே இல்லாமல் போய்விடுகிறது. ஜான்சனின் வெற்றியில் கேம்பல் என்ற அந்தக் கண்ணுக்கு எவ்வளவு பங்கு என்பதை எந்த எண்ணும் சொல்லாது.

நன்றிநாள் மதியம்

என் மனதை உண்மையில் திருப்பியது 2024 நவம்பர் 28, தேங்க்ஸ்கிவிங் ஆட்டம். டெட்ராய்ட்டில், லயன்ஸுக்கு எதிராக. எங்கள் நேரப்படி காலை பதினொன்றரைக்கே தொடங்கிவிட்டது. நண்பர் ஒருவர் வீட்டில் மூன்று குடும்பங்கள். பாதி ஆட்டத்தில் 16-0 என்று பின்தங்கியிருந்ததால் பெரியவர்கள் பிரியாணிப் பக்கம் போய்விட்டோம். நண்பரின் மகன் மட்டும் சோஃபாவை விட்டு நகரவில்லை. எங்கள் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் ஒவ்வொரு டச்டவுனாகத் திரும்பக் கொண்டுவந்து 23-20 ஆக்கியபோது தட்டோடு எல்லாரும் மறுபடி டிவி முன்னால். கடைசி டிரைவ். பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் ஒன்று போட்டால் சமன். பந்து லயன்ஸின் 25 கஜக் கோடு வரை வந்துவிட்டது. ஒரு பெனால்ட்டி பத்து கஜம் பின்னுக்குத் தள்ளியது. அடுத்து வில்லியம்ஸை ஸாடேரியஸ் ஸ்மித் சாக் செய்தார். பந்து 41இல். கடிகாரத்தில் அரை நிமிடத்துக்குச் சற்று மேல். கையில், கடிகாரத்தை நிறுத்த உதவும் ஒரு டைம்-அவுட்.

"மாமா, டைம்-அவுட்! டைம்-அவுட் எடுக்கச் சொல்லுங்க!" என்று அந்தப் பையன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். டிவியில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. இருபத்தைந்து. இருபது. ஆட்டக்காரர்கள் வரிசைக்கு வருகிறார்கள், வில்லியம்ஸ் கையசைக்கிறார், பதினைந்து, பத்து. ஆறு விநாடி இருக்கும்போது ஸ்னாப். ரோம் ஒடுன்ஸேயை நோக்கி நீண்ட ஒரு பாஸ், தரையில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது. டைம்-அவுட் கையிலேயே இருந்தது. அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினோம்.

மறுநாளே ஹெட் கோச் மாட் எபர்ஃப்ளூஸ் நீக்கப்பட்டார். 1920இல் தொடங்கிய அணியில் சீசன் நடுவே ஒரு ஹெட் கோச் போவது அதுவே முதல் முறை. சிகாகோ அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்: எபர்ஃப்ளூஸ் டிஃபென்ஸ்காரர், அதனால்தான் இப்படி, இனிமேல் அஃபென்ஸ் தெரிந்தவர் வேண்டும். நானோ நேர் எதிரான இடத்துக்கு வந்தேன். அந்த அரை நிமிடத்தில் பேர்ஸின் பக்கவாட்டுக் கோட்டில் இரண்டு பேருக்கு இரண்டு வேலை. ஷேன் வால்ட்ரன் நீக்கப்பட்டதால் அந்த மாதம்தான் கோஆர்டினேட்டரான தாமஸ் பிரவுனுக்கு, அடுத்த பிளே எது என்று முடிவெடுக்கும் வேலை. எபர்ஃப்ளூஸுக்குக் கடிகாரம். அஃபென்ஸ் பிளே அழைக்கும் சுமை எபர்ஃப்ளூஸுக்கு இல்லை, தலை காலியாக இருந்தது, அப்படியும் தவறியது. இப்போது எதிர்ப்பக்கம் நின்ற ஜான்சனை இந்தப் பக்கம் கொண்டுவந்து வையுங்கள். அவர் ஹெட் கோச்சாகவும் இருந்து பிளேயும் அழைத்தால், பிரவுனின் வேலையும் எபர்ஃப்ளூஸின் வேலையும் அந்த அரை நிமிடத்தில் ஒரே மண்டைக்குள்.

பிளே அழைப்பவருக்கு ஒரு ஆட்டத்தில் நேரம் எப்படிப் போகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு பிளே முடிந்ததும் 40 விநாடி பிளே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டில் உள்ள ரேடியோ, அதில் 15 விநாடி இருக்கும்போது துண்டிக்கப்படும். ஆக, கையில் இருப்பது 25 விநாடி. அதற்குள் எத்தனை கஜம் கிடைத்தது, எந்த டவுன், எதிரணி யாரை உள்ளே அனுப்புகிறது, நம் பக்கம் யார் உள்ளே போக வேண்டும், அட்டையில் எந்த பிளே என்று பார்த்து, வாய்விட்டுச் சொல்லி முடிக்க வேண்டும். குவார்ட்டர்பேக் அதைக் கூடியிருப்பவர்களிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். இது அறுபது எழுபது முறை. இதே ஆள்தான் டைம்-அவுட்டை எப்போது எடுப்பது, நடுவரின் தீர்ப்பை எப்போது சவால் செய்வது, நாலாவது டவுனில் போகலாமா என்றும் முடிவெடுக்கிறார். அவருடைய டிஃபென்ஸ் களத்தில் நிற்கும்போது அவர் பெஞ்சில் குவார்ட்டர்பேக்கோடு உட்கார்ந்து அடுத்த டிரைவுக்கான படங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார். களத்தில் என்ன நடக்கிறது என்றே பார்த்திருக்க மாட்டார். கோஆர்டினேட்டராக இருந்தவரை அவருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை.

2022இல் டென்வர் இதை நாடு முழுக்கப் பார்க்கும்படி அனுபவித்தது. நாதனியல் ஹாக்கெட்டின் முதல் ஆட்டம், சியாட்டிலில். மூன்று டைம்-அவுட்டும் கையில் இருக்க, ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில், நாலாவது டவுனில் ஐந்து கஜம் வேண்டும். குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன். ஹாக்கெட் கடிகாரத்தை ஓடவிட்டு 64 கஜ ஃபீல்டு கோலுக்கு ஆளை அனுப்பினார். தவறியது. 17-16 தோல்வி. அடுத்த வாரம் சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் பிளே கடிகாரத்தை வாய்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். இரண்டே ஆட்டங்களுக்குப் பிறகு, இந்த மாதிரி முடிவுகளுக்கு உதவ ஜெர்ரி ராஸ்பர்க் என்ற மூத்தவரை அழைத்து வந்தார்கள். சீசன் முடியும் முன்பே ஹாக்கெட் போய்விட்டார், கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு ஹெட் கோச்சாக நின்றவர் அந்த ராஸ்பர்க். ஹாக்கெட்டை நேர்காணல் செய்த அறையில் ஒருவராவது "கடிகாரத்தை உங்களுக்காக யார் பார்ப்பார்?" என்று கேட்டிருந்தால், பதில் சொல்ல அவர் திணறியிருப்பார். அந்தத் திணறலே போதுமான பதிலாகவும் இருந்திருக்கும்.

யாரைக் கூட்டி வருகிறார்?

மெக்வேயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். 30 வயதில் ராம்ஸுக்கு வந்த அவர் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, வேட் ஃபிலிப்ஸை டிஃபென்சிவ் கோஆர்டினேட்டராக அழைத்து வந்தது. ஃபிலிப்ஸுக்கு அப்போது 69 வயது. டென்வர், பஃபலோ, டல்லஸ் என்று மூன்று அணிகளுக்கு ஹெட் கோச்சாக இருந்தவர். தன்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் வயதான, தான் இப்போதுதான் உட்காரும் நாற்காலியில் பலமுறை உட்கார்ந்து எழுந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஒரு இளைஞனுக்குத் தன்னம்பிக்கை வேண்டும். பாதி அணியை நம்பி அவர் கையில் விட்டுவிட்டு, மீதிப் பாதியில் முழுக் கவனம் வைத்தார். மெக்வேயைப் போல ஆட்களைத் தேடியவர்கள் அவருடைய வயதைப் பிரதியெடுத்தார்கள், இந்த முடிவைப் பிரதியெடுக்கவில்லை.

அதனால்தான் ஜான்சனை பேர்ஸ் அறிவித்த பிறகு நான் காத்திருந்த செய்தி ஒன்றே ஒன்று. டிஃபென்ஸுக்கு யார்? டென்னிஸ் ஆலன். ரெய்டர்ஸிலும் செயின்ட்ஸிலும் ஹெட் கோச்சாக இருந்து, இரண்டு இடத்திலும் வேலை இழந்தவர். ஊரில் சிலர் முகம் சுளித்தார்கள், தோற்ற கோச் எதற்கு என்று. எனக்கு அன்றைக்குத்தான் முதல் முறையாக நிம்மதி. ஹெட் கோச்சுக்கு எங்கே அடி விழும் என்று உடம்பால் தெரிந்த ஒருவரை அவர் தேடியிருக்கிறார். 2025 மார்ச்சில் ஜோ தூனி, டிரூ டால்மன், ஜோனா ஜாக்சன் என்று லைனின் நடுப்பகுதி முழுவதையும் அணி மாற்றியது. 2024இல் வில்லியம்ஸ் 68 முறை சாக் ஆகியிருந்தார். டெட்ராய்ட்டில் தனக்குக் கிடைத்த புள்ளிகள் எந்த இடத்திலிருந்து வந்தன என்று ஜான்சனுக்கே தெளிவாகத் தெரிந்திருந்தது என்பதற்கு இது சாட்சி.

அவர் இரண்டு வருடம் காத்திருந்ததையும் எடை போட வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் வாஷிங்டன் அணியின் ஆட்கள் அவரைப் பார்க்க டெட்ராய்ட்டுக்கு விமானத்தில் வந்துகொண்டிருக்கும்போதே, நான் லயன்ஸிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதைப் பக்குவம் என்றார்கள் சிலர், பயம் என்றார்கள் சிலர். வாஷிங்டன் கடைசியில் டான் க்வின்னை எடுத்தது. டிஃபென்ஸ்காரர், ஐம்பதைத் தாண்டியவர், அட்லாண்டாவில் ஹெட் கோச்சாக இருந்து நீக்கப்பட்டவர். அஃபென்ஸைப் பார்க்க அவர் அழைத்து வந்தது அதே கிங்ஸ்பரியை. அந்தக் கூட்டணி ஜேடன் டேனியல்ஸ் என்ற புதுமுகத்தை வைத்து 12-5 என்று முடித்து, 2025 ஜனவரி 18 அன்று 15-2 லயன்ஸை அதன் சொந்த மைதானத்தில் 45-31 என்று வீழ்த்தியது. இளம் அஃபென்ஸ் மூளைதான் வேண்டும் என்பவர்கள் அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் உட்கார்ந்து முழுதாகப் பார்க்க வேண்டும்.

அந்த ஆட்டத்தில் எனக்கு ஜான்சனிடம் ஒரு குறை உண்டு. லயன்ஸ் ஐந்து முறை பந்தை இழந்தது. காஃப் ஏற்கெனவே நிலைகுலைந்திருந்தார். நான்காவது கால்பகுதியில், பின்தங்கியிருக்கும்போது, பந்தை ரிசீவர் ஜேமிசன் வில்லியம்ஸின் கையில் கொடுத்து அவரை பாஸ் வீச வைத்தார். அதுவும் எதிரணி கையில் போனது. டிசம்பரில் சோல்ஜர் ஃபீல்டில் நான் வியந்த அதே துணிச்சல்தான், ஆனால் அன்றைய தேவை அது இல்லை. கிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தார், நேரம் இருந்தது. பிளே அழைப்பவருக்குத் தன் அட்டையில் இருக்கும் அழகான ஒன்றின் மேல் ஆசை வருவது இயல்பு. "வேண்டாம் பென், அடுத்ததுக்குப் போ" என்று சொல்ல டெட்ராய்ட்டில் கேம்பல் இருந்தார், அன்று அவரும் சொல்லவில்லை. சிகாகோவில் அதைச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கும்?

இரண்டு நாளில் பேர்ஸ் ஜான்சனை எடுத்தது. 2025 செப்டம்பர் 8, அவருடைய முதல் ஆட்டம், மினசோட்டா வைக்கிங்ஸுக்கு எதிராக. நான்காவது கால்பகுதியில் 17-6 என்று முன்னிலையில் இருந்து 27-24 என்று தோற்றது. கடைசியில் ஒரு டச்டவுன் போட்டு நெருங்கியபோது, கடிகாரம் தானாக நிற்கும் இரண்டு நிமிட எச்சரிக்கைக்கு இரண்டு விநாடிதான் மிச்சம். கிக்-ஆஃப் பந்து களத்தின் கடைப்பகுதியான எண்ட் ஜோனைத் தாண்டி வெளியே போயிருந்தால் அந்த நிறுத்தம் ஒரு இலவச டைம்-அவுட்டாகக் கையில் நின்றிருக்கும். பந்து உள்ளேயே விழுந்தது, வைக்கிங்ஸ் எடுத்துக்கொண்டு ஓடினார்கள், நிறுத்தம் வீணானது. பந்து திரும்ப வந்தபோது சில விநாடிகளே இருந்தன. வெளியே போக வேண்டும் என்பதுதான் திட்டம் என்றார் ஜான்சன். திட்டம் சரி, அதை நிறைவேற்ற வைப்பதுதான் இந்தப் புது வேலை. அடுத்த வாரம் டெட்ராய்ட்டில் அவருடைய பழைய அணி 52-21 என்று அடித்தது. அதற்கப்புறம் நான்கு வெற்றி தொடர்ந்து, கடைசியில் 11-6, டிவிஷன் பட்டம், பிளேஆஃபில் பேக்கர்ஸுக்கு எதிராக 21-3இல் இருந்து எழுந்து வந்து 31-27. அன்றைக்கு நானும் கத்திக் குரல் போனவன்தான். ஆனால் 11-6 என்ற எண்ணை வைத்து அவரை எடுத்தது சரி என்று நிரூபிப்பதும், 564ஐ வைத்து அவரை எடுக்கச் சொன்னதும் ஒரே வகை வாதம். நேகிக்கும் முதல் வருடம் 12-4. ஜான்சனிடம் நான் மதிப்பது, 0-2க்குப் பிறகு அணி உடையாமல் நின்றதை. அதுதான் கோஆர்டினேட்டரின் எண்களில் எங்கும் இல்லாதது.

இந்த வேட்பாளர் கணக்கில் எனக்கு ஆறாத ஒன்று மிச்சம் இருக்கிறது. எரிக் பீயெனமி. 2018 முதல் 2022 வரை கன்சாஸ் சிட்டியின் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர். அந்த ஐந்து வருடமும் லீக்கின் மறு பிரிவான ஏ.எஃப்.சி.யின் இறுதி ஆட்டம் அவர்கள் மைதானத்தில்தான் நடந்தது. லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் இரண்டு வெற்றி. ஜனவரிதோறும் நேர்காணலுக்குப் போனார், எந்த அணியும் ஹெட் கோச் வேலை தரவில்லை. வேறு காரணங்களும் சொல்லப்பட்டன, ஆனால் திரும்பத் திரும்பச் சொன்னது, பிளே அழைப்பது ஆண்டி ரீட், பீயெனமி இல்லை என்பது. அதே ரீடிடம் அதே நாற்காலியில் இருந்துதான் டக் பீடர்சன் ஃபிலடெல்ஃபியாவுக்கும் நேகி எங்களிடமும் வந்தார்கள். கிரீன் பேயில் ஹாக்கெட் கோஆர்டினேட்டராக இருந்தபோது பிளே அழைத்தது லஃப்ளூர். அது ஹாக்கெட்டுக்குத் தடையாக இருக்கவில்லை. பீயெனமி கறுப்பினத்தவர். சிறுபான்மையினரையும் நேர்காணல் செய்தே ஆக வேண்டும் என்ற ரூனி விதி 2003இல் இருந்து இருக்கிறது, நேர்காணலோடு அது முடிந்துவிடுகிறது. இளம் பிளே அழைப்பாளர்தான் வேண்டும் என்று ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு, அதையும் ஆளுக்குத் தகுந்தபடி வளைத்தால், மதிப்பீடு என்று அதைச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

2025இல் பேர்ஸின் ரன்னிங் பேக் கோச்சாக ஜான்சன் அழைத்து வந்தது இந்த பீயெனமியைத்தான். ஜான்சனைவிடப் பதினாறு வயதுக்கு மேல் மூத்தவர். அந்த சீசனில் டிஆண்ட்ரே ஸ்விஃப்டும், ஏழாவது சுற்றில் வந்த கைல் மோனங்காயும் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் என்ன செய்தார் என்று தெரியும். ஜான்சன் அவரைத் தேடி அழைத்ததை அவர் கணக்கில் வரவு வைக்கிறேன். பீயெனமியை அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டு அனுப்பிய அணிகளின் கணக்கில் என்ன எழுதுவது என்று அந்த அணிகள்தான் சொல்ல வேண்டும்.